உள்ளே விட்ட துணி

நவம்பரில் முதன்முறை பிரித்தேன்.
நீலக் காற்சட்டை, பின்பக்க நடுத்தையல்,
ஒன்றரை அங்குலம்.
அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட
ஆணி தேடிக்கொண்டிருந்தார்.
"கழற்றித் தாங்கோ" என்றேன்.
அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை.

வினிபெக்கில் அந்த வாரம்தான்
காரை இரவில் மின்கம்பியில் கட்டத் தொடங்கியிருந்தோம்,
விட்டால் எங்கோ ஓடிவிடும் என்பதுபோல்.
நிலவறையில் என் தையல் மெஷின்,
ஹீட்டர்மேல் காயும் காலுறைகள்,
மேசை நிறைய ஒட்டுப்போர்வைக்கு வெட்டிய சதுரங்கள்.
எழுபத்திரண்டு வெட்டி
நாற்பத்தொன்று தைத்திருந்தேன்.
மகள் ஆரபியின் பள்ளிச் சட்டை,
திரைச்சீலை வெட்டிய மிச்சம்,
பழந்துணிக் கடையில் இரண்டு டாலருக்கு எடுத்த
யாரோ படுத்த மஞ்சள் விரிப்பு.
நாற்பத்திரண்டாவது சதுரம்
ஊசியின் காலடியிலேயே கிடந்தது.
நூலை மாற்றினேன். நீல நூல்.

டிசம்பரில் இன்னொரு அங்குலம்.
ஜனவரியில் மேலும் ஒன்று, கொஞ்சம் கூட.
நடுவில் பிடிக்கப் பிடிக்க
பின்பைகள் இரண்டும்
பஸ்ஸில் இடமில்லாத ஆட்களாய்
நெருங்கி நெருங்கி
ஒன்றின் தோளில் ஒன்று இடித்தன.
"இனி ஒரு பை போதும்," என்றார்,
"வைக்கத்தான் என்ன இருக்கு?"
நான் சிரிக்கவில்லை என்று அவருக்குக் கோபம்.

பக்கத்து வீட்டு டார்லீன்
தைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி.
உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து
நாக்கைச் சப்புக்கொட்டினாள்.
கால் அங்குலம் விட்டு மீதியை வெட்டு,
ஓரம் அடி, ஆவி காட்டி அமர்த்து,
இப்படியா வால்மாதிரித் தொங்கவிடுவார்கள்?
அவள் சொன்னது சரி.
இதே வேலையை வேறு யாருக்காவது செய்திருந்தால்
நானும் வெட்டித்தான் கொடுத்திருப்பேன்.

அவரும் கேட்டார். ஆஸ்பத்திரி நாற்காலியில்
மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்கும் நான்கு மணி நேரம்
அந்தத் தடித்த மடிப்பின் மேலேதான் இருக்க வேண்டும்.
"வெட்டி விடுமன் அப்பா, குத்துது."
"இருங்கோ, கத்தரிக்கோல் மொட்டை" என்றேன்.
மொட்டை இல்லை.
அந்த மாதம்தான் சாணை பிடித்தது.
காகிதம் வெட்டக்கூட
யாரையும் அதைத் தொட விடுவதில்லை.

பெப்ரவரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
சேட் கைகளில் பொத்தான் நகர்த்தினேன்.
தொப்பி ஒன்று, உள்ளே பழைய பனியன் துணி வைத்து,
தையல் வெளிப்பக்கம் வரும்படி,
மயிரில்லாத தலையில் உரசாமல்.

பிறகு, எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை,
சொதிக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.
அகப்பை என் கையில் நின்றது.
கேட்டதைவிடக் கூடப் போட்டுவிட்டேன், திட்டினார்.

மே நடுவில்
நிலவறைப் படியில் காலடி.
காற்சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி,
திருட்டு அகப்பட்ட பிள்ளைமாதிரி நிற்கிறார்.
"மூச்சுப் பிடிச்சும் பூட்டுப்படேல்லை."

விளக்கைக் கிட்ட இழுத்தேன்.
பிரிப்பானின் சின்ன நாக்கு
ஜனவரித் தையலுக்குள் போனது.
டிக், டிக் என்று நூல் அறுந்தது.
டிசம்பர் அறுந்தது.
நவம்பர்த் தையல் மட்டும் கொஞ்சம் இறுக்கம்,
அன்று பயத்தில் இரட்டையாய் ஓட்டியிருக்கிறேன்.

உள்ளே இருந்த துணி
வெயிலும் சவர்க்காரமும் காணாத கருநீலம்.
வெளிறிப்போன பின்பக்கத்தின் நடுவே
ஆப்பு வைத்ததுபோல் ஒரு கோடு,
அதன் ஓரங்களில் பழைய ஊசித் துளைகள் வரிசையாய்.
ஆவி காட்டியும் மூடவில்லை.
டார்லீன் பார்த்தால் பேசுவாள். பேசட்டும்.

அதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனார்.
நான் நாற்பத்திரண்டாவது சதுரத்தை
ஊசியடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன்.

நேற்று மறுபடி வந்தார்.
"இன்னும் அரை அங்குலம் விடலாமோ?"
திருப்பிக் காட்டினேன்.
"இனித் துணி இல்லை. சோற்றைக் குறையுங்கோ."
இதைச் சொல்ல
ஆறு மாதமாய் வாய் ஊறிக்கொண்டிருந்தது.